உலர்த்தும் அறை

ஏலக்காய் உலர்த்தும் அறையின் முன் அன்று இருந்தவர்கள்: நாவலாசிரியர் அரசப்பன், அந்த மலையில் முதன்முதலாகக் காடழித்துக் குடியேறிய பொம்மணனின் பேரன்கள் வீரணன், சன்னாசி; வீரணன் கையில், வருடா வருடம் பொட்டு வைத்துக் கும்பிடும் பொம்மணனின் அரிவாள். அரசப்பனின் மூக்கு ஏற்கெனவே உடைந்திருந்தது. பதினோராம் அத்தியாயத்தைக் கிழிக்க மாட்டேன் என்றதற்கு விழுந்த அடி. அங்கே முன்பு வாழ்ந்த மலைக்குடும்பம் ஒன்றைப் பொம்மணன் இதே அறையில் அடைத்து அடுப்பை மூட்டினான் என்று அதில் எழுதியிருந்தார்.

“ஊர உண்டாக்குன மனுசன கொலகாரங்கிற. நீ கூட இருந்து பாத்தியாக்கும்?” என்றான் வீரணன்.

“கதவோட உள்பக்கம் நகக்கீறல் இருக்கு.”

“அட, ஏலக்கா மூட்டை உரசுனதுய்யா!” அறைக்குள் அனல் அனுப்பும் வெளிச்சுவர் அடுப்பின் வாயில் விறகைத் திணித்துக்கொண்டிருந்த சன்னாசி சிரித்தான். “எங்க, காட்டுங்க பாப்போம்.”

உண்மையில் அரசப்பன் அந்தக் கீறலைப் பார்த்ததே இல்லை. நாவல் எழுதிய மூன்று வருடமும் அவரைத் தோட்டத்து வேலிக்குள் விடவில்லை; மலைக்காரர்கள் சொன்னதை நம்பி எழுதியிருந்தார். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சுவரோடு ஒட்டித் திறந்திருந்தது. அதன் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் சாத்தியாக வேண்டும். அவரே சாத்தினார். மண்டியிட்டு இருட்டில் பலகையைத் தடவினார். அடியில், முழங்கால் உயரத்துக்கும் கீழே, விரல்கள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் இறங்கின. அவர் விரலுக்கு அவை சிறியவை.

“இருக்குய்யா! இருக்கு!” என்று சந்தோஷத்தில் கத்தினார்.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டு.