எதிர்வீட்டு மங்கம்மாவின் வாய்

“இன்னைக்கு அந்த மங்கம்மா வாயைத் தைக்காம விட மாட்டேன்!”

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார் ஷௌகத் அலி.

பின்னே, வயிறு எரியாதா? பழைய வீடாகப் பார்த்து வாங்கி, மனைவியோடு அதிலேயே குடியிருந்துகொண்டு, இடித்து, பூசி, பெயிண்ட் அடித்து விற்பதுதான் அவர் தொழில். எல்லையோர ஜூஜுவாடியில் இந்த வீட்டையும் இழைத்து இழைத்துப் பண்ணிவிட்டார். விற்கத்தான் முடியவில்லை.

வருவதெல்லாம் பெங்களூர்ப் பார்ட்டி. வீட்டைச் சுற்றிப் பார்த்து வாயெல்லாம் பல்லாக வெளியே வருவார்கள். எதிர்வீட்டு மங்கம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேசுவார்கள். அவ்வளவுதான், கார் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி தாண்டித்தான் நிற்கும்.

முதலில் வந்தவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்.

“இங்க போன் டவரே எடுக்காதுங்க. மொட்டை மாடியில ஏறி நின்னாத்தான் ஹலோ கேக்கும்” என்றாள் மங்கம்மா. சொல்லி வாய் மூடவில்லை, அவள் இடுப்பிலிருந்த போனே அடித்தது. மனுஷன் அதைக்கூடக் கவனிக்காமல் ஓடிவிட்டார்.

அடுத்தது, வாஸ்து பார்க்கிற ஒரு தம்பதி.

“முன்ன தெருக்குத்து இருந்துச்சு. இப்போ ரோட்டையே திருப்பிப் போட்டுட்டாங்க. அதுக்காக தோஷம் போயிடுமா?” என்று கன்னடத்தில் அளந்துவிட்டாள். ரோடு பிறந்ததிலிருந்து அதே இடத்தில்தான் கிடக்கிறது!

இன்றைக்கு வந்தவர் ‘நாளைக்கே அக்ரிமெண்ட்’ என்றவர். அவரிடம், ராத்திரியானால் இந்த வீட்டு மாடியில் யாரோ கொலுசு போட்டுக்கொண்டு நடப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

“விடுங்க, பெரியவங்க. ஏதோ பேசிட்டாங்க” என்று தடுத்தாள் மனைவி வஜிஹா.

“பேசிட்டாங்களா? பாகலூர்ல அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கேன். இந்த மாசம் இது விக்கலன்னா அது கோவிந்தா! நீ என்னடான்னா அவங்களுக்குத் தூக்குல பிரியாணி அனுப்பிட்டிருக்க!”

வேகமாகத் தெருவைத் தாண்டினார்.

மங்கம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? வர்ற பார்ட்டியை எல்லாம் எதுக்கு விரட்டறீங்க? வீட்டை அடிமாட்டு விலைக்கு நீங்களே அமுக்கலாம்னு பாக்கறீங்களா?”

“எனக்கெதுக்கு பாய்? எனக்குன்னு ஒரு வீடு இருக்கு. இல்லாதவளைப் போய்க் கேளு.”

“யாரு அது?”

மங்கம்மா மோவாயை நீட்டிக் காட்டினாள். ஷௌகத் அலி திரும்பினார். பின்னால் வஜிஹா நின்றிருந்தாள்.

“அவங்களைத் திட்டாதீங்க. நாந்தான் சொல்லச் சொன்னேன்.”

“நீயா!”

“கல்யாணமாகி இது ஏழாவது வீடு. எல்லாத்துலயும் சிமெண்ட் தூசியிலதான் சோறு பொங்கிப் போட்டேன். ஒரு வீட்லயாச்சும் பெயிண்ட் வாசம் போற வரைக்கும் என்னை இருக்க விட்டிருக்கீங்களா?” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “கேட்டா, ‘அடுத்த வீட்ல பாத்துக்கலாம்’பீங்க. அதான் கேக்கல.”

மங்கம்மா வாயைத் தைக்க வந்த ஷௌகத் அலியின் வாய்தான் தைபட்டுப்போனது.

அந்த நேரம் பார்த்து புரோக்கர் பிரதாப் போன் பண்ணினான்.

“பாய், சூப்பர் பார்ட்டி ஒண்ணு சிக்கியிருக்கு. கூட்டிட்டு வரட்டுமா?”

“வேணாம் பிரதாப். வீடு முடிஞ்சிருச்சு.”

“அட! எனக்குத் தெரியாமயா? சரி, பாகலூர் வீட்டை எப்போ முடிக்கலாம்?”

“அது வேணாம்.”

“அட்வான்ஸ் போயிடும் பாய்!”

“போனாப் போகட்டும்.”

“அப்படி யார் பாய் அந்தப் பார்ட்டி?”

ஷௌகத் அலி வஜிஹாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ரொம்ப நாளா வீட்டுக்குள்ளயேதான் இருந்திருக்காங்க. எனக்குத்தான் கண்ணு தெரியல.”