இன்று மட்டும் சீட் பெல்ட்

கணவர் சீட் பெல்ட் மாட்டியதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். பத்து வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் கேட்காத மனிதர்!

மஞ்சள் விளக்குக்கே வண்டியை நிறுத்தினார். செல்போன் அடித்தும் எடுக்கவில்லை. வேகம் ஐம்பதைத் தாண்டவில்லை.

சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் சிரித்தார். "எல்லாரும் உங்கள மாதிரி ஓட்டினா எங்களுக்கு வேலையே இருக்காது சார். போங்க."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படிங்க திடீர்னு திருந்தினீங்க?"

"இன்னிக்கு யாரும் வண்டியத் திறந்து பார்த்துடக் கூடாது" என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான் பின்னால், டிக்கிக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

"அக்கா..."

அவள் கன்னத்துக் காயத்தைப் பார்த்துவிட்டு, நேற்று இவர் சட்டையைப் பிடித்த தம்பியின் குரல். அவன் விடியற்காலையிலேயே ரயிலேறிவிட்டதாக இவர்தான் சொல்லியிருந்தார்.

கணவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.