சவ்வின் மறுபக்கம்

நெதர்லாந்தின் லேவார்டன் நகர நீர் ஆய்வுக்கூடத்தில் ஹில்ட்யே வடிகட்டிச் சவ்வைக் கழற்றினாள். அழுக்கு ஒட்டாதபடி அதன்மேல் நுண்ணிய வரிகள் பதிக்கும் வழியைக் கண்டுபிடித்தவன் அவளோடு வேலை செய்த விப்ரன். அவன் இறந்ததும் மேலாளர் ரீன்ட்ஸ் அதன் காப்புரிமையைத் தன் பெயரில் பதிந்துகொண்டார். ஹில்ட்யே வாய் திறக்கவில்லை.

கால்வாய் நீர் ஓடியும் சவ்வு பளிச்சென்றிருந்தது. நடுவில் மட்டும் பாசி, ஒரு கையின் வடிவில்.

“கையுறை போடாம எவன் தொட்டது?” என்றார் ரீன்ட்ஸ்.

“மோதிர விரல் பாதிதான் இருக்கு, பாருங்க. விப்ரனுக்கும் அப்படித்தான்.”

“செத்தவன் வந்து தொட்டானாக்கும். வேற சவ்வு போடு. நாளைக்குப் பரிசுக் குழு வருது.”

மறுநாள் புதிய சவ்வை ரீன்ட்ஸே கழற்றிக் காட்டினார். துளி அழுக்கில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்; ஹில்ட்யேயும் தட்டினாள். பிறகு சவ்வை வாங்கித் திருப்பினாள். வடிந்த நல்ல நீர் மட்டுமே படும் மறுபக்கத்தில் அந்தக் கை பச்சையாகப் படிந்திருந்தது.

யாரும் பார்ப்பதற்குள் வெறுங்கையால் துடைத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது.