எதைத் தூக்கினீங்க?

"எலும்பு கூடிடுச்சும்மா. வலி அங்கேயிருந்து வரலை," என்றார் டாக்டர், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி. "அதுக்குக் கீழே சதை வீங்கியிருக்கு. வீக்கம் புதுசு. அப்படி எதைத் தூக்கினீங்க?"

"ஒண்ணுமில்லையே," என்றாள் மாமியார்.

ஆபீசிலிருந்து நேராக வந்து சேர்ந்த மருமகளுக்குப் புரியவில்லை. எலும்பு தேய்ந்து முதுகெலும்பில் முறிவு வந்த நாளிலிருந்து, அவள் அத்தையை ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்கவிட்டதில்லை. அவள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் என்னதான் நடக்கிறது?

"நான் இல்லாதப்போ பீரோவை நகர்த்துறீங்களா அத்தை?"

"பீரோ என்ன, என் மேல இருக்கிற கோபத்துல வீட்டையே நகர்த்துவா," என்றார் மாமனார், நாற்காலியில் சாய்ந்தபடி.

டாக்டரும் சிரித்துவிட்டார். "இப்படி வந்து படத்தைப் பாருங்க சார், காட்டுறேன்."

மாமனாரின் சிரிப்பு நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. மாமியாரின் ஒரு கை தானாக அவருடைய அக்குளுக்குள் போனது. இன்னொரு கை இடுப்பைச் சுற்றியது. மூச்சைப் பிடித்துக் குனிந்தவள், மருமகள் பார்ப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கிளம்பும்போதும் மாமா நாற்காலியில்தான் இருப்பார், திரும்பும்போதும் நாற்காலியில்தான்.

"உன் புருஷன்கிட்ட சொல்லிடாதேம்மா," என்றாள் மாமியார், பிடியை விடாமல். "நடக்க முடியலைன்னு தெரிஞ்சா இவரை ஹோம்ல சேர்த்துடுவான்."

மருமகள் கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு மாமனாரிடம் போனாள்.

"நீங்க கையை எடுங்க அத்தை. மாமாவை எங்கே பிடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."