பஸ்ஸில் ஏறாதவள்

“என் பொண்ணைக் காணோம்ணே. எட்டு வயசு. மஞ்சள் தொப்பி போட்டிருக்கா.”

வனவிலங்குப் பூங்காவில் கரடித் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காவலாளி நிமிர்ந்து பார்த்தார். ஓடி வந்த தையல்காரிக்கு மூச்சு இரைத்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

“எங்கம்மா விட்டீங்க?”

“சஃபாரி பஸ் கிட்ட. ஒரே தள்ளுமுள்ளு. அத்தையோட இருக்கான்னு அவங்கப்பா நினைச்சிருப்பாரு, அவரோட இருக்கான்னு அத்தை நினைச்சிருப்பாங்க. குடும்பமே ஏறிடுச்சு. இவ ஏறலை. நான் ஒவ்வொரு தலையா பாத்தேன்.”

“எல்லாரும் ஏறினப்ப நீங்க ஏறலையா?”

“எனக்கு இடம் இல்ல.”

காவலாளி வாக்கிடாக்கியில் பஸ் டிரைவரைக் கூப்பிட்டார். கரகரவென்ற சத்தம்தான் திரும்பி வந்தது. சிங்கங்கள் இருக்கும் பள்ளத்தில் பஸ் இறங்கிவிட்டால் எதுவும் எட்டாது. திரும்பி வர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

“அடையாளம் சொல்லுங்க.”

“நாலடிக்குக் கொஞ்சம் கம்மி. தோள் பதினொரு இன்ச் இருக்கும். இடது காதுக்குப் பின்னால மிளகு மாதிரி ஒரு மச்சம்.”

“தையல் வேலையா?” என்று கேட்டுக்கொண்டே அவர் குழாயை மூடினார். “குழந்தைங்க பெரும்பாலும் புடிச்ச மிருகத்துக்கிட்டதான் போய் நிக்கும். பாப்பாவுக்கு எது புடிக்கும்?”

தையல்காரி வாயைத் திறந்தாள். யானையா, மானா, மயிலா என்று கண்கள் அலைந்தன. “தெரியலண்ணே” என்றாள், தப்புச் செய்து பிடிபட்டவள் போல.

“பதட்டத்துல எதுவும் ஓடாது. வாங்க, தேடுவோம்.”

மான் வேலியை ஒட்டி ஓடினார்கள். குரங்குத் தீவு, பாம்புக் கூடம், பறவைக் கூண்டு. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அவள் கையால் உயரத்தைக் காட்டி, “இவ்வளவு இருப்பா, பாத்தீங்களா?” என்று கேட்டாள். உதட்டைப் பிதுக்கிவிட்டு அவர்கள் தங்கள் பிள்ளைகளின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலைக் குளத்தின் அருகே காவலாளி சட்டென்று நின்றார்.

பாசி படர்ந்த தண்ணீரின் நடுவே மஞ்சள் தொப்பி மிதந்துகொண்டிருந்தது. கரையோரக் கம்பிவலையின் அடிப்பக்கம் பிய்ந்திருந்தது. ஒரு குழந்தை குனிந்தால் நுழைந்துவிடலாம்.

தையல்காரி பாய்ந்தாள். கம்பிவலையைப் பற்றி ஏறினாள். மேலே சுற்றியிருந்த முள்கம்பி உள்ளங்கையைக் கிழித்தது அவளுக்குத் தெரியவே இல்லை. ஒரு காலை அந்தப் பக்கம் போட்டுவிட்டபோது காவலாளி அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

“அம்மா, உள்ள ஏழு கெடக்கு. ஒரு நிமிஷத்துல கிழிச்சிடும்.”

“விடுங்கண்ணே. நான் போனா ஒருத்தரும் தேட மாட்டாங்க. அவளைத் தேடுவாங்க. விடுங்க.”

அவள் திமிறிய வேகத்தில் இருவருமே மண்ணில் விழுந்தார்கள். குளத்தில் எதுவோ புரண்டது. தொப்பி ஒருமுறை முங்கி எழுந்தது. அவள் தரையில் நெற்றியை முட்டிக்கொண்டு, “ஐயோ, தூரத்துலயே நின்னுட்டேனே, கிட்ட போயிருக்கணுமே” என்று அரற்றினாள்.

அப்போது வாக்கிடாக்கி இரைந்தது.

“ஆமைக் கொட்டகையில ஒரு பாப்பா உக்காந்திருக்குண்ணே. தொப்பி காத்துல பறந்துபோச்சாம். துரத்திக்கிட்டே வந்து வழி தப்பிடுச்சு.”

அவள் எப்படி எழுந்தாள், எப்படி ஓடினாள் என்று காவலாளிக்குப் புரியவில்லை. அவர் போய்ச் சேரும்போது, ஒரு சிறுமி குத்துக்காலிட்டு அமர்ந்து ஆமைக்குக் கீரை நீட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரி இரண்டடி தள்ளி மண்டியிட்டிருந்தாள். நீட்டிய கை, குழந்தையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

“பயந்துட்டியாம்மா?”

“இல்ல” என்றாள் சிறுமி. அந்த ரத்தக் கையைப் பார்த்து அரையடி பின்னால் நகர்ந்தாள்.

காவலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “பாப்பா, இப்படியா தனியா வர்றது? உங்கம்மா முதலைக் குளத்துலயே குதிக்கப் பாத்தாங்க.”

சிறுமி குழப்பமாகச் சுற்றிலும் பார்த்தாள். “எங்கம்மா பஸ்ல போயிட்டாங்களே.”

காவலாளியின் பார்வை தையல்காரி மேல் திரும்பியது.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து, வாக்கிடாக்கியில் தகவல் கேட்டு, ஒருத்தி கதறிக்கொண்டே ஓடி வந்து சிறுமியை வாரி அணைத்தாள். “அம்மா” என்று சிறுமி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே வந்த கணவன் தையல்காரியைக் கண்டதும் அப்படியே நின்றான்.

இனிமேல் தான் பெற்ற குழந்தை பக்கமே வருவதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் அவன் வீட்டிலிருந்து இறங்கிய நாளுக்குப் பிறகு, இருவரும் முகத்துக்கு முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம்.

அவன் முகம் வெளிறியது. வேண்டாம் என்பது போல், யாருக்கும் தெரியாமல் தலையை அசைத்தான்.

“இவங்கதான் பாப்பாவை…” என்று ஆரம்பித்த காவலாளி அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மீதியை விழுங்கிக்கொண்டார்.

சிறுமியை இடுப்பில் தூக்கியபடியே அந்தப் பெண் தையல்காரியின் கையைப் பிடித்தாள். “என் உசிரைத் திருப்பிக் குடுத்துட்டீங்க. கையெல்லாம் ரத்தமா இருக்கே. நீங்க யாருங்க?”

தையல்காரி கையை மெல்ல உருவிச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

“யாரும் இல்லீங்க. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”