விட்டுப்போன பக்கம்

ஒரு ஊர்ல ஒரு கதை இருந்ததாம். அந்தக் கதையில இருந்த ஒரு ஆள், ராவோட ராவா ஊரை விட்டே போயிட்டானாம். ஏன் போனான் என்பதுதான் ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

"நல்லாதானே இருந்தான்? களத்து மேட்டுக்கு வந்தான். பண்ணையாரப் பாத்தான். அடுத்த வரியில ஆளக் காணோம்!" என்றான் அன்புராஜ். "எனக்குத்தான் மண்டையில ஏறலியா?"

"எனக்கும் ஏறல" என்றார் கல்பனா டீச்சர்.

கரியமாணிக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை வாசக வட்டம். படிக்கிற கதைப் புத்தகம் இருப்பது ஒரே ஒரு பிரதி. அதனால் வாரம் ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துக்கொண்டு வந்து, ஒரு அத்தியாயத்தை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள். அப்புறம் பேசுவார்கள்.

ஊர்த்தெருவும் காலனியும் ஒரே பாயில் உட்காருவது இந்த ஊரில் இங்கே மட்டும்தான். அது கலைந்துவிடக் கூடாதே என்பதுதான் டீச்சருக்கு வாராவாரம் கவலை.

இன்றைக்குப் படித்தவள் அர்ச்சனா. ஊர்த்தெருத் தங்கவேலின் மகள்.

"மழ இல்லாமப் போயிருப்பான்" என்றான் அன்புராஜ்.

"அறுப்பு நடக்குதுன்னு படிச்சாங்களே? மழ இல்லாம இன்னாத்த அறுக்கறது?" என்றார் நடேசன். காலனிக்காரர். திருவாண்டார்கோயில் கம்பெனியில் வேலை.

"அப்ப பொண்டாட்டி கூட சண்ட."

"அவனுக்குக் கல்யாணமே ஆவலடா!"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கவேல் மட்டும் சிரிக்கவில்லை.

"இதுல இன்னா இருக்குது? களத்துல நெல்ல களவாண்டிருப்பான். மாட்டிக்கினான். ஓடிட்டான். வேற இன்னாத்துக்கு ஒருத்தன் சொல்லாம கொள்ளாம ஓடுவான்?"

பாயில் இருந்தவர்கள் பார்வை நடேசன் பக்கம் போனது.

நடேசன் எழுந்தார். "நான் கெளம்பறேன் டீச்சர். கதையில வர்ற எங்க ஆளக் கூடக் களவாணின்னு சொன்னாதான் இவங்களுக்குத் தூக்கம் வரும். இனிமே என்னைக் கூப்புடாதீங்க."

"அண்ணே, உக்காருங்க. அவரு ஏதோ..." என்றார் டீச்சர்.

"அவன் திருடல!" என்றாள் அர்ச்சனா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்... நடுவுல ஒரு பக்கத்தப் படிக்காம வுட்டுட்டேன்."

"இன்னாத்துக்குடி வுட்ட?" என்றார் தங்கவேல்.

"நடேசண்ணன் எதுர்லயே ஒக்காந்துகினு இருக்காரு. அத எப்டிப்பா நான் என் வாயால படிக்கறது?"

நடேசனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒனக்கு வாய் கூசுதுன்னா, எங்க அப்பன் பாட்டன் பட்டத எங்ககிட்டயே மறச்சிடுவியா? நீ மறச்ச. உங்கப்பா அவனக் களவாணி ஆக்கிட்டாரு. பாத்தியா?"

"பள்ளிக்கூடப் புத்தகத்துலதான் பாடத்த வெட்டறாங்கன்னு பாத்தா, இங்கயுமா?" என்றான் அன்புராஜ்.

அர்ச்சனா எழுந்து நின்றாள். அத்தனை பேர் பார்வையும் அவள் மேல். கண்ணில் நீர் முட்டியது. அவள் செய்தது நல்லதா கெட்டதா என்று டீச்சருக்கே சொல்லத் தெரியவில்லை. பாவம் என்றும் இருந்தது. நடேசன் கேட்பது நியாயம் என்றும் இருந்தது.

"இப்டிக் குடு" என்று நடேசன் புத்தகத்தை வாங்கினார். "எது எழுதியிருக்குதோ அதப் படிக்கணும். அதுக்குப் பேருதான் படிக்கறது."

பக்கத்தைக் கண்ணால் ஒருமுறை ஓட்டினார். பிறகு படித்தார்.

களத்துக்குப் புதுச்சட்டை போட்டு வந்திருக்கிறான் அந்த ஆள். வாழ்க்கையில் முதல் சட்டை. பண்ணையார் கூப்பிட்டு, 'சட்டையக் கழட்டுடா, அதாலயே மாட்டுச் சாணியத் தொடைடா' என்கிறார். களமே வேடிக்கை பார்க்கிறது. அவன் கழற்றுகிறான். துடைக்கிறான்.

நடேசன் குரல் நடுங்கவே இல்லை. அவன் துடைக்கும் வரி முடிந்ததும் மட்டும் அர்ச்சனா பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"'அன்று இரவே அவன் ஊரை விட்டுப் போனான்.' அவ்ளோதான்." புத்தகத்தை மூடி டீச்சரிடம் கொடுத்தார்.

தங்கவேல் பாயின் ஓரத்துக் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, "நடேசா, வர்ற வாரம் யாரு படிக்கறது?" என்றார்.

"நீங்கதான் படிங்களேன்."

"பாப்பம், பாப்பம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். அன்புராஜும் மற்றவர்களும் கலைந்தார்கள்.

வட்டம் உடையவில்லை. டீச்சருக்கு மூச்சு வந்தது. கதவைப் பூட்டும் முன், அந்தப் பக்கத்தைத் தன் கண்ணாலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பிரித்தார்.

சட்டை இருந்தது. சாணி இருந்தது. அதற்கும் கீழே, நடேசன் படிக்காத நாலு வரி இருந்தது.

அந்த ஆள் வெற்றுடம்போடு பண்ணையாரைப் பார்த்துச் சாபம் விடுகிறான். 'உன் வீட்டுப் பொண்ணும் ஒரு நாள் இதே மாதிரி நாலு பேர் முன்னால நிக்கணும்!'

டீச்சர் வாசலுக்கு ஓடிவந்தார். நடேசன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! எழுதியிருக்கறதப் படிக்கணும்னு அந்தப் பொண்ண அந்தத் திட்டு திட்டினீங்களே. நீங்க மட்டும் நாலு வரிய வுட்டுட்டீங்க?"

நடேசன் நிமிரவில்லை.

"அந்த எடம் வர்றப்ப, அது கண்ணத் தொடச்சிக்கினு நின்னுச்சி டீச்சர்" என்று சொல்லிவிட்டு, காலனிப் பக்கமாக நடந்தார்.