ஏகாரம் போன இடம்

பிற்பகல் வெயில் கண்ணாடிச் சுவரில் சாய்ந்து, கூட்ட அறையின் நீள்மேசையில் பாதியை மட்டும் பொன்னாக்குகிறது. குளிரூட்டியின் முணுமுணுப்பன்றி வேறு ஓசையில்லை. நிறுவனத்தின் சட்ட ஆலோசகி திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் அமர்ந்திருக்கிறாள். அவளுடைய பேனா மூடியபடியே கிடக்கிறது. திரையில் இருப்பது வாடிக்கையாளரின் தகவல்களை வெளி நிறுவனத்துக்குத் தரும் ஒப்பந்தம். பிழை நேர்ந்தால் ஒப்பமிட்டவரே பொறுப்பென்கிறது புதிய சட்டம். “ஒப்புதல் பெற்றே பகிரப்படும்” என்று காலையில் எழுதினாள். திரையிலோ “ஒப்புதல் பெற்றும் பகிரப்படும்” என்றிருக்கிறது. பெற்றும் என்றால் பெறாமலும் என்றாகிவிடும். ஏகாரம் காத்து நின்ற கதவை உம்மை ஓசைப்படாமல் திறந்துவிட்டிருக்கிறது. “இதை யார் சார் மாத்தினது?” எதிரே அதே கோப்பைத் திறந்த மடிக்கணினியோடு அமர்ந்திருக்கும் விற்பனைத் தலைவர் சிரிக்கிறார், கண்கள் சிரிக்கவில்லை. “புது சாஃப்ட்வேர் மேடம், நடையை அதுவே திருத்திக்கும். ஒரு எழுத்துக்கா இவ்வளவு பாடு? அது வந்ததும் உங்க செக்‌ஷன்ல ரெண்டு நாற்காலி ஏன் காலியாச்சுன்னு மறந்துட்டீங்களா?” “மறக்கலை சார். இத்தனை பக்கத்துல அந்த சாஃப்ட்வேருக்கு இந்த ஒரு எழுத்துதான் கண்ணை உறுத்துச்சான்னு பாக்குறேன்.” அவள் மீண்டும் ‘பெற்றே’ என்று திருத்திவிட்டுக் கைகட்டிக் காத்திருக்கிறாள். திரையில் சொல் அசையாமல் நிற்கிறது. மென்பொருள் உறங்குகிறது போலும். மேசையின் அந்தப் பக்கத்தில், வெயில் எட்டாத பாதியில், அவருடைய விரல்தான் மெல்ல விசைப்பலகையை நோக்கி ஊர்கிறது.